பெண்கள் பக்கம் ஒரு சிவப்புக் கொடி

ரயில்வே கார்டாக இருந்தவனை வீட்டில் உட்கார வைப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே மலைக் குகைகளில் புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, ரிட்டயரான பிறகு தென்காசி வீட்டில் அடுக்களைக்கும் வாசலுக்கும்தான் ஓட்டம். புளியை ஏன் இவ்வளவு கரைக்கிறாய், அரிசியை ஏன் இப்படிக் களைகிறாய் என்று கேட்டுக் கேட்டு என் மனைவியைப் பாடாய்ப் படுத்தினேன்.

"உங்களுக்குக் கோடிப் புண்ணியம், எங்கயாவது போங்க. இங்கன நின்னு என் உசிர வாங்காதீய" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

கோபித்துக்கொண்டுதான் கிளம்பினேன். என்னைப் போல ரிட்டயரான நாலைந்து பேர் சாரல் சீசனில் குற்றாலம் பேரருவியில் தொண்டு செய்துகொண்டிருந்தார்கள். வழுக்கி விழுந்தவரைத் தூக்குவது, மலையில் மழை பெய்து வெள்ளம் இறங்கினால் விசில் ஊதி ஆட்களை வெளியேற்றுவது, இவைதான் வேலை. விசில் என்றதும் சேர்ந்துவிட்டேன். கூடவே எழுத்து வேலையும் வந்தது. அருவிக்குப் போகும் வழியில் ஒரு கரும்பலகை உண்டு. காலையில் தண்ணீர் நிலவரத்தை எழுத வேண்டும். 'பாறை வழுக்கும்' என்று மொட்டையாக எழுத எனக்கு மனம் வராது. 'மேகம் இன்னும் மலையை விடவில்லை. அருவியிடம் மரியாதையாக நடந்துகொள்க' என்பேன். சாயங்காலம், பார்த்ததையெல்லாம் உள்ளூர் மாதப் பத்திரிகைக்கு எழுதுவேன். படித்துக் காட்டினால் இவள் பாதியிலேயே எழுந்து போய்விடுவாள். அவளுக்கு எழுத்தும் தெரியாது, கேட்கப் பொறுமையும் கிடையாது.

எங்களுக்கு இருந்த ஒரே தலைவலி அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம். அங்கே ஆண்பிள்ளை எட்டிப் பார்க்கக் கூடாது. தொண்டனாக இருந்தாலும் எல்லையில் உள்ள பாறையில், அவர்களுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். ஒரு பெண் தொண்டர் வேண்டும் என்று நான் சொன்னபோது மற்றவர்கள் சிரித்தார்கள். வீட்டில் இவளிடம் கேட்டேன். "எனக்கு வேற சோலி இல்லைன்னு நினைச்சீயளோ?" என்றாள்.

அந்த ஆடி மாதத்தில் ஒரு நாள், மூட்டுவலிக்காரியான தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு இவளும் அருவிக்கு வந்தாள். அக்கா உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்து, காதுக்குள் தண்ணீர் போகாமல் பஞ்சு வைத்துக்கொண்டு இவளோடு உள்ளே போனார். நான் பாறையில் முதுகைக் காட்டி நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அருவியின் சத்தம் மாறியது. லாரியிலிருந்து ஜல்லியைக் கொட்டுவது போல இரைந்தது. நிமிர்ந்தால் மேலே தண்ணீர் செம்மண் நிறம். இலையும் சுள்ளியுமாக வந்தது. விசிலை ஊதினேன். ஆண்கள் பக்கத்தில் மற்ற தொண்டர்கள் கையைப் பிடித்து இழுத்து ஆட்களை வெளியே தள்ளினார்கள். பெண்கள் பக்கத்தில் யார் இழுப்பது?

எனக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஏட்டி, மூலிகைத் தண்ணி எறங்குது! தலையைக் குடுங்கட்டீ!" என்று ஒருத்தி கூவினாள். தண்ணீர் நிறம் மாறினால் மலையின் மூலிகைச் சாறெல்லாம் கலந்து வருகிறது, எந்த நோவும் தீரும் என்று எங்கள் ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. வெளியே ஓட வேண்டிய நேரத்தில் அவர்கள் இன்னும் உள்ளே நகர்ந்தார்கள். தொண்டை கிழியக் கத்தினேன். இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் கரும்பலகை அழகான எழுத்தோடு அந்தப் பக்கம் சும்மா நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் என் தோள்பைக்குள் இருந்த பழைய கார்டு கொடி நினைவுக்கு வந்தது. ஓரம் கிழிந்து, ஆபீசில் கழித்துப் போட்ட சிவப்புக் கொடி. அதன் ஜோடிப் பச்சையை இவள் என்றோ அடுப்புத் துணியாக்கிவிட்டாள். கொடியைக் கையிலிருந்த குடையின் நுனியில் கட்டி, திரும்பாமலே, தலைக்கு மேலே பின்பக்கமாக நீட்டி ஆட்டினேன்.

"வெளியில வாங்கட்டீ! வெள்ளம்!"

இவளுடைய குரல். ஈரச் சேலைகள் சளப் சளப்பென்று என்னைக் கடந்து ஓடின. குனிந்த தலையோடு கால்களை மட்டும் பார்த்தேன். மருதாணிக் கால், கொலுசுக் கால், கிழவிக் கால். விரலில் மிஞ்சி தேய்ந்த இவளுடைய கால் மட்டும் வரவில்லை. ஒரு பெண் நின்று மூச்சிரைக்கச் சொன்னாள்: "அண்ணாச்சி, வெள்ளம்னு கத்துன ஆச்சி அவுக அக்காளைக் கூப்பிடத் திரும்பிப் போயிட்டாக."

எல்லையாவது மண்ணாவது! திரும்பினேன்.

பழுப்புத் தண்ணீர் பாறையெல்லாம் பரவிவிட்டது. அக்கா பாறையில் நட்ட கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறார். இவள் ஒரு கையால் அக்காவின் காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்து, மறு கையால் அவர் கொண்டையைப் பிடித்து இழுக்கிறாள். இடுப்பளவு தண்ணீர். ஒரு மரக்கிளை அவர்களை உரசிக்கொண்டு போனது. நான் இறங்கினேன். என்னைக் கண்டதும் அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

"என்ன பாக்கீய? அங்கன திரும்புங்க!"

திரும்பவில்லை. குடையை நீட்டினேன், பிடித்தாள். இழுத்தேன்.

கரையிலிருந்த மண்டபத்தில் உட்கார்ந்தபோது மூன்று பேருக்கும் பல் அடித்துக்கொண்டது. "அந்தக் கொடியை எப்படிக் கவனிச்சே?" என்று கேட்டேன்.

"கலியாணம் ஆன நாள்லேருந்து துவைச்சிருக்கேன். அதைக் கண்டா ஆபத்துன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

மறுவாரம் முதல் பெண்கள் பக்கத்தில் கொடியோடு நின்றவள் அவள்தான்.

அன்று நடந்ததை மட்டும் எனக்கு எழுத வரவில்லை. பல நாள் கழித்து எழுதி முடித்து, வழக்கம் போலப் படித்துக் காட்டினேன். அதிசயமாக, கடைசி வரை இருந்து கேட்டாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"நீங்க திரும்பினதை எழுதலையே?"

"அது எப்படி எழுத? பெண்கள் பக்கம் பார்த்தேன்னு பத்திரிகையில போட முடியுமா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்." தாளை என் பக்கம் தள்ளினாள். "கை மரத்துப் போச்சு. தண்ணியோட போயிருவேன்னுதான் நினைச்சேன். அப்பதான் நீங்க திரும்பினீய. அதை எழுதுங்க."