மூன்றாவது கை

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர் அவர்களுக்கெல்லாம் அண்ணன். ஒரு வீட்டில் இருபது வருடம் நடந்த அத்தனையையும் இரண்டே நாளில் மறைத்துவிடுவார். மழைநீர் ஒழுகிய தாரை, பிள்ளைகள் கிரேயானில் விட்ட ரயில், கோபத்தில் யாரோ வீசிய டீ டம்ளரின் கறை, எதுவானாலும் சரி. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே ப்ரைமர் அடித்துவிட்டு, "இப்பச் சொல்லுங்க, இந்த வீட்டுல ஏதாவது நடந்திருக்கா?" என்று வீட்டுக்காரரையே கேட்பார்.

பெயிண்டர். முப்பத்தொரு வருட சர்வீஸ். தொழிலில் அவருக்குப் பெயர் ‘ரெண்டு கை’. ஒரு கை என்றால் ஒருமுறை பூசுவது. "ஒரு கை அடிச்சா ஊருக்கு, ரெண்டு கை அடிச்சாத்தான் சுவருக்கு" என்று ஓயாமல் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. "எல்லாருக்கும் ரெண்டு கைதானேண்ணே?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் சீண்டினால், "உனக்கு இருக்கிறது ரெண்டு. எனக்கு இருக்கிறதுதான் கை" என்பார். பேச்சில் அவரை ஜெயித்தவர் கிடையாது.

அப்பேர்ப்பட்ட ஆளின் வாயை அடைத்தது கட்டைவிரல் உயரத்தில் ஒரு பொம்மை.

பொம்மையைச் செய்தது அவர் மனைவி. பல்செட் செய்யும் லேப்பில் அவளுக்கு வேலை. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் மெழுகில் இழைத்து, ரோஸ் நிறத்தில் ஈறு வார்த்து, பல் பதித்து, பாலீஷ் போட்டு அனுப்புவாள். "இந்த ஊர்ல பாதிப்பேர் சிரிக்கிற சிரிப்பு என் பொண்டாட்டி செஞ்சது" என்று ரெண்டு கை பெருமையடித்துக்கொள்வார். ஆனால் அவள் வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்ததில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடம் ஆகிறது, பாருங்கள்!

லேப்பில் மிச்சமாகும் துண்டு துணுக்குகளைக் கொண்டுவந்து ஜன்னலோர மேசையில் வைத்து சின்னச் சின்ன உருவங்கள் செய்வாள். தையல் மெஷினில் குனிந்த பெண், சைக்கிள் டயருக்குக் காற்றடிப்பவர், இப்படி ஒரு அலமாரி நிறைய. அவற்றுக்கு வர்ணம் தீட்டுமுன் ப்ரைமர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. அதற்கு மொட்டைமாடிக்குப் போய் ஸ்ப்ரே டப்பாவை ஆட்டி ‘உஸ்ஸ்’ என்று ஒரு வீச்சு வீசிவிட்டு வருவாள். வீட்டுக்குள் ஸ்ப்ரே மூச்! லேப் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து அவளுக்கு இழுப்பு வந்திருந்தது. ஊதுவத்திக்கே இருமுகிறவள்.

இந்த முறை செய்தது சும்மா பொம்மை இல்லை. அவள் அம்மா.

அம்மா இறக்கும்போது அவளுக்கு நாலு வயது. அக்காவுக்குப் பதினாறு. இருந்த ஒரே போட்டோவும் வீடு மாறியபோது பெட்டியோடு தொலைந்துவிட்டது. அவளிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாபகம்தான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, இவளை முழங்கால்களுக்கு நடுவில் இருத்தி, தலை வாரிவிடுகிறாள். ரிப்பனைப் பல்லில் கவ்வியிருக்கிறாள். எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் பார்த்த முகத்தைத்தான் நாற்பத்தாறு வருடம் மனசுக்குள் பொத்தி வைத்திருந்து, எட்டு மாதமாகப் பூதக்கண்ணாடியும் ஊசியுமாகச் செதுக்கியிருந்தாள்.

அந்த முகம் சரிதானா என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான் பாக்கி. அவள் அக்கா. அக்காவுக்குக் கண்ணில் பிரஷர். வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் வெளிச்சம். அதுவும் எத்தனை நாளோ, டாக்டரே கையை விரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அக்கா வருகிறாள். பொம்மையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. அம்மா பேச்சை எடுத்தாலே அக்கா எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். அதனால் சின்ன வயதிலிருந்தே கேட்கவும் இல்லை.

"அக்கா பார்த்துட்டு ‘ஆமாடி, அம்மாதான்’னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்ங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் கணவனிடம்.

ஆனால் பதினைந்து நாளாக விடாத மழை. மாடிக்குப் போக வழியில்லை. ப்ரைமர் இல்லாமல் அந்த முகத்தை யாராலும் பார்க்கவும் முடியாது. உடம்பு ஈறு நிறத்தில், நாற்காலி பல் நிறத்தில், முகமோ கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற பிசினில். வெளிச்சம் உள்ளே புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். மூக்கும் தெரியாது, முழியும் தெரியாது. தூரிகையால் பூசுகிற ப்ரைமர் என்று ஒரு சின்னப் பாட்டில் வாங்கி வந்து வைத்திருந்தாள். பழக்கமில்லாத சாமானை இதிலா சோதித்துப் பார்ப்பது என்று பயந்து திறக்காமலே இருந்தாள்.

சனிக்கிழமை அவளுக்கு லேப்பில் அரைநாள். மழையில் இவருக்கு வேலை இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து பொம்மையையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். பாட்டில் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து அளவு. ‘அட, ப்ரைமருக்கா இவ்வளவு கவலை? வீட்டுல நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்!’ என்று நினைத்தார். பாவம், நல்ல மனசு. பரண்மேல் இருந்த வாளியை இறக்கினார். நயமான சுவர் ப்ரைமர். அரை இன்ச் பிரஷ். ஒரு கை அடித்தார். அடியில் ஈறு நிறம் எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்த்தால் இவருக்குப் பிடிக்குமா? காயவிட்டு இரண்டாவது கையும் அடித்து, ஜன்னலில் வைத்துத் தள்ளி நின்று பார்த்தார். பால் வெள்ளை. பரம திருப்தி.

குடையை மடக்கிக்கொண்டே அவள் உள்ளே வந்தாள்.

"என்னங்க பண்ணியிருக்கீங்க?"

"ப்ரைமர். ரெண்டு கை. பாரு, ஒண்ணுமே தெரியல!"

தெரியவில்லைதான். முகம் இருந்த இடத்தில் ஒரு பட்டாணி இருந்தது. ரிப்பன் இல்லை, உதடு இல்லை, கூந்தல் இழைகளுக்கு நடுவே இருந்த பள்ளமெல்லாம் ரொம்பியிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானால்கூடப் பரவாயில்லை, குரங்குக்காவது முகம் இருக்கும். அவள் பொம்மையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் இவருக்கு உறைத்தது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை.

"ரெண்டாவது கை எப்ப அடிச்சீங்க?"

"அரைமணி நேரம் இருக்கும்."

"அடிக்கிறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கழுவினீங்களா?"

"பொம்மையை யாராவது குளிப்பாட்டுவாங்களாம்மா?"

"நல்ல வேளை!" என்றாள். போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது.

மெழுகு பட்ட கையால் எட்டு மாதம் தொட்டுத் தொட்டு, பொம்மைமேல் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு. அதனால் ப்ரைமர் கவ்வவே இல்லை, போர்வை மாதிரி மேலே கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பைக் கரைத்து ஊறவைத்தாள். பல்லிடுக்கில் வேலை செய்கிற வளைந்த ஊசியால் ஓர் ஓரத்தை நெம்பினாள். ப்ரைமர் தோலாக உரிந்தது. மென்மையான பல் பிரஷ்ஷால் பள்ளம் பள்ளமாகத் துடைத்தெடுத்தாள். அவர் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் வாயிலிருந்து வந்தது, "சாரிம்மா" மட்டும்தான், பதினாலு தடவை.

"விடுங்க. இழுப்பு இழுப்புன்னு நான் புலம்பினதாலதானே பிரஷ்ஷை எடுத்தீங்க" என்றாள்.

நன்றாகக் கழுவி, மின்விசிறிக்கு அடியில் உலரவைத்து, பொம்மையின் அடியை ஒரு பாட்டில் மூடிமேல் மெழுகால் ஒட்டினாள். இனிமேல் விரல் பொம்மைமேல் படாது. சின்னப் பாட்டிலைக் குலுக்கினாள், குலுக்கினாள், ஐந்து நிமிடம் குலுக்கினாள். சாம்பல் நிறத்தில் இரண்டே சொட்டு பீங்கான் தட்டில் விட்டாள். தூரிகையைத் தோய்த்து, பாதிக்குமேல் துணியில் துடைத்தாள்.

"துடைச்சுட்டா அப்புறம் எதை அடிப்பே?"

"மிச்சத்தை."

முதல் கை போட்டாள். அடேயப்பா, பார்க்கச் சகிக்கவில்லை! திட்டுத் திட்டாக, சொறி பிடித்த மாதிரி. இவர் கை பரபரத்தது. "அந்த இடம் விட்டுப்போச்சு பாரு, ஒரு இழுப்பு இழுத்துரு."

"பாதி காய்ஞ்சதைத் தொட்டா உரிஞ்சிரும். விட்டது விட்டதாவே இருக்கட்டும். சும்மா இருங்க."

சும்மா இருந்தார். மூக்குக்குப் பக்கத்துப் பள்ளத்தில் ஊசிமுனையளவு ப்ரைமர் தேங்கியது. அவள் காய்ந்த தூரிகையின் நுனியை வைத்தாள். அந்தத் துளியை அது தானாக உறிஞ்சிக்கொண்டது. மூச்சை இழுத்துப் பிடித்து, இரண்டு இதயத் துடிப்புக்கு நடுவில் கையை வைத்து எடுப்பது போல இருந்தது அவள் செய்தது. இந்தக் கையா காலையில் எனக்குச் சட்டைப் பட்டன் தைத்தது, இந்தக் கையையா இத்தனை வருடம் பாத்திரம் தேய்க்க விட்டேன் என்று நினைத்தபடி டார்ச்சை இன்னும் கிட்டே பிடித்தார்.

ஒருமணி நேரம் கழித்து இரண்டாவது கை. அப்போதுதான் அது நடந்தது.

ஈறு நிறம் போயிற்று, பல் நிறம் போயிற்று, கண்ணாடிப் பிசின் போயிற்று. எல்லாம் ஒரே சாம்பலாயிற்று. அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து ஒரு முகம் வந்தது. முதலில் நெற்றி. பிறகு தாழ்ந்த இமைகள். கடித்த ரிப்பனால் ஒரு பக்கம் ஒதுங்கிய உதடு, அதில் அடக்கிவைத்த சிரிப்பு. அரிசி அளவு முகத்தில் ஒரு பெண் உயிரோடு உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் இருந்த குழந்தைக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். அவருக்குப் புல்லரித்துவிட்டது. முப்பத்தொரு வருடமாக ப்ரைமர் என்றால் மறைக்கிற சாமான் என்றுதான் அவருக்குத் தெரியும். அதே சாமான் இங்கே காட்டுகிறது!

"அம்மாடி..." என்றார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

அப்புறம் அவர் கண்ணில் ஒன்று பட்டது. சீப்பைப் பிடித்த கையில் சுண்டுவிரல் மட்டும் கோணலாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "இது பிசிறா? உப்புத்தாள் வெச்சு லேசா..."

"ஐயோ, தொட்டுராதீங்க! அம்மா விரல் அப்படித்தான் இருக்கும். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

மூன்றாவது கைக்கு அவள் தூரிகையை அவரிடம் நீட்டினாள். "இந்த நாற்காலி முதுகு மட்டும் நீங்க." சாரத்தில் ஏழு மாடி உயரத்தில் ஒற்றைக்காலில் நின்று பெயிண்ட் அடித்த மனிதர் அந்தத் தூரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பாதிக்குமேல் துடைத்தார். மிச்சத்தை அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அக்கா வந்தாள். "என்ன மாப்பிள, வீட்டுக்கு மட்டும் பெயிண்டே அடிக்க மாட்டீங்களோ? இத்துணூண்டு கண்ணுக்கே அழுக்குத் தெரியுது!" என்று வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"உங்களுக்குத் தெரியணும்னுதான் அண்ணி விட்டு வெச்சிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தாலும் அவர் கண் ஜன்னலோர மேசையிலேயே இருந்தது.

தங்கை அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்து, பூதக்கண்ணாடியை ஒரு கையிலும் பாட்டில் மூடியோடு பொம்மையை மறு கையிலும் கொடுத்தாள். அக்கா தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, மிச்சமிருந்த வெளிச்சத்துக்குள் அந்த முகத்தைக் கொண்டுவந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது நம்ம அம்மாக்கா" என்றாள் தங்கை. "சரியா இருக்கா?"

அக்கா தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"அம்மா இல்லடி."

ரெண்டு கைக்கு யாரோ ஏணியைத் தட்டிவிட்டதுபோல் இருந்தது. மனைவியைப் பார்க்கத் துணிவில்லை.

"அம்மா உனக்குத் தலை வாரினதே இல்லடி சின்னவளே. நீ பிறந்ததிலேருந்து அவ படுத்த படுக்கை. எந்திரிச்சு உட்காரவே முடியாது அவளால." அக்கா பூதக்கண்ணாடியை வைத்துவிட்டுத் தன் வலது கையைத் தூக்கினாள். மூட்டுவாதத்தில் இப்போது எல்லா விரலும் வளைந்திருந்தன. அதில் சுண்டுவிரலை மட்டும் பிரித்துக் காட்டினாள். "பதினாலு வயசுல கதவுல நசுங்கினது. அப்பல்லாம் இது ஒண்ணுதான் கோணல். இது நான்டி. நான்தான் இது."

தங்கை அந்த விரலைப் பார்த்தாள். பொம்மையைப் பார்த்தாள். மறுபடி அக்காவின் முகத்தைப் பார்த்தாள், முதல்முறை பார்ப்பதுபோல. இவரும் பார்த்தார். சுருக்கத்துக்கும் நரைக்கும் அடியில் அந்த ஒதுங்கிய உதடு அப்படியே இருந்தது. இத்தனை வருடம் வாசலில் நின்று தன்னைச் சீண்டிய உதடு! ‘எப்படிடா தெரியாமப் போச்சு?’ என்று மலைத்துப்போனார்.

"தப்பாயிருச்சேடி" என்று அக்கா அழுதாள். "எட்டு மாசம் கஷ்டப்பட்டிருக்கே. அம்மா முகத்தை உனக்குச் சொல்லிக்கூடத் தரலையே நான். சொன்னா நீ அழுவியேன்னு..."

தங்கை தரையில் உட்கார்ந்தாள். ஐம்பது வயதுக்காரி, அக்காவின் முழங்கால்களுக்கு நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு, பொம்மையில் அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்த மாதிரியே.

"நான் அம்மாவைத்தானேக்கா செஞ்சேன்" என்றாள். "சரியாத்தான் செஞ்சிருக்கேன்."

அக்காவின் வளைந்த விரல்கள் அவள் தலையில் இறங்கின. கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை, "அந்த ரிப்பன் என்ன கலருக்கா?" என்று கேட்டாள்.

"பச்சை. இலைப் பச்சை."

ரெண்டு கை ஓடிப்போய் அலமாரியில் பச்சையைத் தேடினார்.