இருபத்து மூன்று அடி பின்னால்

ஒற்றைக்கண்ணி என்றதும் யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். அவளுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. முப்பது வருடமாக ஒன்றை மூடி, மற்றதைக் கேமராவில் வைத்தே பிழைத்ததில், யாரைப் பார்த்தாலும் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். அதைக் கண்ணடிப்பு என்று எண்ணி மருந்துக்கடைக்காரர் ஒருவர் ஆறு மாதம் அவளுக்கு இருமல் மிட்டாயை ஓசியில் கொடுத்து வந்தார். இது ஊரறிந்த கதை.

ஊரறியாத கதை ஒன்றும் உண்டு. கல்யாணப் படம் எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று பேர் வாங்கியவளுக்கு உயரம் என்றால் உயிரே போய்விடும். ஒன்பது வயதில் பந்தயம் கட்டித் தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறினாள். பாதியில் கீழே பார்த்தாள். அவ்வளவுதான். தீயணைப்பு வண்டி வந்து, விரல் விரலாகப் பிரித்தல்லவா அவளைக் கம்பியிலிருந்து எடுத்தார்கள்! இறக்கிய பிறகும் ஒரு வாரம் விரல்கள் நிமிரவில்லை, அம்மாதான் ஊட்டிவிட்டாள். அன்று தொட்டுத் தரைத்தள வீடு, தரைத்தள ஸ்டுடியோ. பல்பு போனால் ஸ்டூலில் ஏறுவது கணவருடைய அக்காதான்.

அவள் அண்ணி என்று கூப்பிடும் அந்த நாத்தனார் பேருந்துக் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா இருந்தால் சுவருக்கு டிக்கெட் கிழித்துவிடுவாள் என்று தம்பி பயந்து, ஸ்டுடியோவுக்கு அனுப்பிவைத்தார். மணமக்கள் நடந்து வரும்போது படம் எடுப்பவள் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். முதுகில் கண் கிடையாது. ஆகவே அண்ணி அவள் இடுப்பு பெல்ட்டின் பின்வளையத்தைப் பிடித்துக்கொண்டு, முன்கூட்டி அளந்து வைத்த அடிகளை எண்ணியபடி ஓட்டிக்கொண்டு போவாள். "ரைட்... ரைட்... லெஃப்ட்ல ஒடி..." கடைசி அடியில் "ஹோல்டான்!" அது காதில் விழுந்ததும் இவள் நிற்பாள், அண்ணி வளையத்தை விட்டுவிட்டு விளக்கைத் தூக்க ஓடுவாள். பதினாறு வருடத்தில் இந்த முறை ஒரு நாளும் பிசகவில்லை.

அப்படியிருக்க, ஒரு நாள் வாசலில் வந்து நின்றாள் ஒரு பெண். முதல் பிறந்தநாளிலிருந்து பள்ளிக்கூடம் முடித்த நாள்வரை ஒற்றைக்கண்ணியே படமெடுத்து வளர்ந்த பெண்.

"ஆன்ட்டி, எனக்குக் கல்யாணம். நீங்கதான் எடுக்கணும். வேற யாராவது கேமராவத் தூக்கினா நான் சிரிக்கவே மாட்டேன்."

"எடுக்கறேன்டி தங்கம். எங்க?"

"மொட்டை மாடில! பதினாலாவது மாடி!"

ஒற்றைக்கண்ணியின் கால்கள் ஓரடி உள்ளே போய்விட்டன. வாய் மட்டும், "ஆகட்டும்" என்றது. பாழாய்ப்போன வாய்.

திட்டமிடப் போன நாளில், லிஃப்ட்டில் எண்கள் ஏற ஏற அவள் அண்ணியின் கையைப் பிடித்த பிடியில் அண்ணியின் வளையல் சதுரமாகிவிட்டது. மேலே கல்யாண ஏற்பாட்டுக்காரி காத்திருந்தாள். கையில் எப்போதும் பட்டியலோடு திரிவதால் அவளுக்குப் பட்டியல் என்றே பெயர்.

"பாருங்க மேடம், தரைக்கு மேல மரப்பலகை போட்டு ஒசத்திட்டோம். வியூ அப்படியே அள்ளும்!"

அள்ளியது. பலகையால் தரை உயர்ந்ததில், இடுப்பளவு இருந்த கைப்பிடிச்சுவர் முழங்காலளவு ஆகிவிட்டிருந்தது. அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. எங்கோ அடியில் தீப்பெட்டி தீப்பெட்டியாக வண்டிகள். அவளுடைய விரல்கள் தாமாக மடங்கின.

"கீழ பாக்காத. என் மூஞ்சியப் பாரு," என்றாள் அண்ணி.

"அது அதைவிட பயமா இருக்கு அண்ணி."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. வா, அளப்போம்."

லிஃப்ட் அறையின் கண்ணாடிக் கதவிலிருந்து மணமக்கள் நேராக வந்து, சுவருக்கு முன்னால் இடப்பக்கம் திரும்பி மேடைக்குப் போவார்கள். அகல லென்ஸை மாட்டிக்கொண்டு, பட்டியலை மணப்பெண்ணாக நடக்கவிட்டு அளந்தார்கள். பட்டியல் திருப்பத்துக்கு வந்து நிற்க, பின்னால் நடந்தவளுக்குச் சரியாக இருபத்து மூன்று அடி. அங்கே நின்றால் சுவருக்கு இரண்டு அடி மிச்சம். மூன்று முறை அளந்தும் இருபத்து மூன்றுதான். அடுத்த பத்து நாளும் அவள் சமைக்கும்போதும் குளிக்கும்போதும் இருபத்து மூன்று வரை எண்ணினாள். இருபத்து நான்கு என்ற எண்ணையே மறந்துவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்தன்று மாலை. காற்று தலைமுடியைப் பிடுங்கியது. விளக்குச்சரம் கட்டி, ஒயர் சுற்ற இடுப்பளவில் கொக்கி வைத்த இரும்புக் கம்பங்கள் சுவரோரம் கிணுகிணுத்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கதவை மட்டும் பார்த்தபடி நின்றாள். அப்போது மணப்பெண்ணின் அம்மா ஓடி வந்தார்.

"ஏம்மா, காலைல எடுத்ததக் காட்டினியே, என் பொண்ணு மூக்கு என்ன இவ்வளவு பெருசா இருக்கு? கத்தரிக்கா மாதிரி!"

அகல லென்ஸ் அப்படித்தான். கிட்டப் போனால் மூக்கை ஊதிவிடும். "நீள லென்ஸ் போடறேன்மா, மூக்கு அளவா விழும்," என்று சொல்லி அவள் லென்ஸை மாற்றினாள். நீள லென்ஸ் என்றால் ஆள் இன்னும் தள்ளி நிற்க வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் நாளே கற்ற பாடம். பயம் மண்டையை அடைத்துக்கொண்டிருந்ததால் அது அந்த நேரத்தில் எட்டவில்லை. அண்ணி விளக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். லென்ஸ் மாறியதை அவளிடமும் யாரும் சொல்லவில்லை.

கதவு திறந்தது. மணமக்கள் வந்தார்கள். இடுப்பில் அண்ணியின் பிடி இறுகியது.

"ரைட்... பத்து... ரைட்... பதினேழு..." முதுகுப்பக்கம் முழுக்க வெறும் காற்று. வியர்வை கண்ணில் இறங்கியது. "இருபத்து ரெண்டு... ஹோல்டான்!"

நின்றாள். ஆனால் கேமராக் கட்டத்துக்குள் மணப்பெண்ணின் தலை வெட்டுப்பட்டது. அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள், முகத்தில் வெயில் பொன்னாக விழுகிறது. இந்தப் படம் திரும்பக் கிடைக்காது. முப்பது வருடத்துக் கால்கள் யாரையும் கேட்கவில்லை. ஓரடி பின்னால் போயின. இன்னும் ஓரடி. கெண்டைக்காலில் சுவர் இடித்தது. உடம்பு சாய்ந்தது. இடுப்பில் வெடுக்கென்று ஓர் இழுப்பு.

விரல், இருந்த இருப்பில் படமெடுத்துவிட்டது.

"தாங்க்ஸ் அண்ணி," என்று முணுமுணுத்து, முண்டி முன்னால் வந்தாள். பின்னால் ஏதோ டங்கென்றது. அண்ணி விளக்கோடு எங்கோ பக்கத்தில் நின்றாள். மற்ற வேலையெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. லிஃப்ட்டில் இறங்கும்போது அவள் ஒரு பாட்டுகூட முனகினாள்.

மூன்றாம் நாள் காலை ஸ்டுடியோவில் அந்தப் படத்தைத் திறந்தாள். அற்புதம். மூக்கு கிளியே பொறாமைப்படும்படி இருந்தது. குறை தேடும் பழக்கத்தில் பெரிதாக்கிக்கொண்டே போனாள். மணமக்களுக்குப் பின்னால் லிஃப்ட் அறைக் கண்ணாடி. அதில் சின்னதாக, கறுப்பாக, சூரியனுக்கு எதிரே ஓர் உருவம். அவள்தான். சுவருக்கு வெளியே பாதி சாய்ந்திருந்தாள்.

அண்ணியும் தெரிந்தாள், நான்கடி தள்ளி, இரண்டு கையாலும் விளக்கைத் தூக்கியபடி. இருவருக்கும் நடுவில் வெயில் பளீரென்று தெரிந்தது.

"அண்ணி... அப்ப என்னைப் பிடிச்சது யாரு?"

அண்ணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். "நான் ஹோல்டான் சொன்னேனே... சொன்னதும் விட்டுட்டேனே. எப்பவும் விடறதுதானே?"

ஒற்றைக்கண்ணி ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்தாள். வட்டமாக இருந்த பின்வளையம் முட்டைபோல் நீண்டிருந்தது. அதன் உட்புறத்தில் துரு. பிடித்தது விளக்குச்சரக் கம்பத்தின் கொக்கி. ஒரு விரல் நீளம்கூட இருக்காது. அது அரை விரல் தள்ளி இருந்திருந்தால்?

வாயால் ஒரு பேருந்தையே அடக்கிய அண்ணி பெல்ட்டை வாங்கி, வளையத்தில் விரலை விட்டுப் பார்த்தாள். மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றே மணப்பெண்ணின் அம்மா ஃபோன் செய்தார். "அந்தப் படம்தான் ஹாலுக்குப் பெருசா வேணும். கண்ணாடில மட்டும் யாரோ கறுப்பா தெரியறாங்க, எடுத்துடும்மா."

எடுப்பது அரை நிமிட வேலை. அழித்தாள். கண்ணாடியில் சுவர் இருந்தது, கம்பம் இருந்தது, வானம் இருந்தது. அவள் நின்ற இடத்தில் யாரும் இல்லை. பதறிப்போய் மறுபடி கொண்டுவந்து வைத்தாள்.

"அது நான்தாம்மா," என்றாள் ஃபோனில். "இருந்துட்டுப் போறேனே."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, அவள் காதில் ஏறவில்லை. இடுப்பில் ஓர் இழுப்பு. தரைத்தளம், நான்கு கால் நாற்காலி, சுற்றிலும் சுவர். இருந்தும் அண்ணி பின்னால் வந்து நின்று, சேலையோடு சேர்த்து அவள் இடுப்பை இறுகப் பிடித்திருந்தாள்.

"உக்காந்துதானே இருக்கேன் அண்ணி?"

"இருக்கட்டும். நீ வேலையப் பாரு."

அவள் வேலையைப் பார்த்தாள். ஆனால் அதற்கு முன்னால், பிடித்திருப்பது கைதானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.