பாதி வேகம்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புக் குழி அறையின் நச்சு நெடியை வெளியேற்றும் காற்றாடி மோட்டாரைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஒல்லியான மனிதர். காற்றாடிக்கு எதிரே ஒரு தோல் நாடாவைத் தொங்கவிட்டிருப்பார். நாடா தொய்ந்தால் ரெகுலேட்டர் கைப்பிடியை ஏற்றுவார், படபடத்தால் இறக்குவார்.

கரண்டை மிச்சம் பிடிக்க மேனேஜர் பாதி வேகத்தில் ஓட்டச் சொன்னபோதுதான், மோட்டார்காரரின் தம்பி அந்த அறையில் இருமி இருமியே செத்தான். "சீக்கு உடம்பு" என்று மேனேஜர் கைகழுவிவிட்டார்.

பிறகொரு நாள், ஆட்கள் டீக்குப் போயிருந்த நேரம், மேனேஜர் கணக்குப்பிள்ளையான என்னோடு உள்ளே வந்தார். மோட்டார்காரர் கதவை மறித்து நின்றபடி கைப்பிடியை இறக்கினார். நாடா தொங்கியது. எங்கள் இருவருக்கும் மூச்சு முட்டியது.

"ஏத்துய்யா!" என்று மேனேஜர் இருமினார்.

"நீங்க சொன்ன ஸ்பீடுதான் சார் ஓடுது. என் தம்பி இதவிட ஜாஸ்தி நேரம் இருமினான்."

மேனேஜர் மண்டியிட்ட பிறகுதான் மோட்டார்காரர் கைப்பிடியை ஏற்றினார், நாடா சீராக நிற்கும்வரை, கொஞ்சம் கொஞ்சமாக. அந்த நிதானத்தை நினைத்தால் எனக்கு இன்றும் திருப்தியாகத்தான் இருக்கிறது.