ஏலம் போன வீட்டில் உம்மா

வாப்பா மௌத்தாகி உம்மா இத்தா இருந்தபோதுதான் எங்கள் வாடகை வீடு ஏலம் போனது. கணவனை இழந்தவள் இத்தா முடியும்வரை வீட்டை விட்டு வெளியே போகமாட்டாள், அந்நிய ஆண்களின் முன்னே வரவும் மாட்டாள். உம்மா உள்ளறையில் திரைக்குப் பின்னால் இருந்தார்.

வீட்டுச் சொந்தக்காரர் மாத்தளைக் கடைத்தெருவில் கொக்கோவும் மிளகும் வாங்கி விற்றவர். வியாபாரம் படுத்ததும் நாங்கள் குடியிருந்த வீட்டை ஈடு வைத்திருக்கிறார். மீட்க முடியவில்லை, கோர்ட் விற்றுவிட்டது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாடகை வாங்க மட்டும் மாதம் பிறந்ததும் வாசலில் வந்து செருமுவார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, தங்கமான மனிதர். ஆனால் காக்கிச் சட்டையைக் கண்டால் தபால்காரருக்கும் சலாம் வைப்பார். வீட்டை ஏலத்தில் எடுத்தவர் கலேவெலயில் அரிசி ஆலை வைத்திருப்பவர் என்று கேள்விப்பட்டதும், ஒரு சீப்பு வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். அந்தியில் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

“ராத்தா, மனுசன் நல்லவரு. இத்தா முடியிற மட்டும் ஈக்கட்டும், பொறகு வீட்டப் பூட்டித் திறப்பத் தந்தாப் போதும்னு செல்லிட்டாரு” என்றார் திரையைப் பார்த்து.

எல்லாரும் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னோம். நானும்தான். பிறகு சட்டி பானைகளைச் சாக்கில் கட்டத் தொடங்கினேன். போக்கிடம் ரத்தோட்டையில் மாமாவின் வீடு. அங்கே அவருடைய பிள்ளைகளுக்கே படுக்க இடமில்லை. வாப்பா போனபின் என் தையல் மெஷினால்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. சட்டை தைக்கக் கொடுப்பவர்கள் எல்லாரும் இந்தத் தெருப் பெண்கள். தெருவை விட்டால் சோற்றுக்கு என்ன செய்வது? இங்கே பள்ளிக்கூடம் போகும் என் தம்பியின் படிப்பும் போய்விடும். அழுதுகொண்டேதான் கட்டினேன்.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா வந்து சாக்குகளைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். அவருடைய கணவர் கோர்ட்டில் கிளாக்கர்.

“எங்கை போறியள்? வீடு ஏலம் போனால் சொந்தக்காரர்தான் மாறுவார், குடியிருக்கிற ஆக்களை எழுப்பேலாது எண்டு இவர் சொல்லுறார். வாப்பாவோட இருந்த உங்கட அம்மாவுக்கு அந்த உரிமை இருக்காம். திறப்பை மட்டும் ஒருத்தரிட்டையும் குடுத்திடாதேங்கோ.”

உம்மா மரக்கறிக்காரனிடம்கூட விலை பேசாதவர். அவர்தான் திரைக்குப் பின்னாலிருந்து, “மகள், அந்தச் சட்டியெல்லாம் அவுத்து குசினில அடுப்புக்குப் பக்கத்துல வை” என்றார். மாமாவோ, வாக்குக் கொடுத்துவிட்டேனே, அந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று புலம்பினார்.

அடுத்த கிழமை கோர்ட் உத்தியோகத்தர் வந்தார். கூடவே ஆலைக்காரரும், தோளில் தம்பட்டம் மாட்டிய ஓர் ஆளும். தம்பட்டத்தைக் கண்டதும் தெருவறிய அடித்துத் துரத்தப் போகிறார்கள் என்றே நினைத்தேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று உத்தியோகத்தர் சிங்களத்தில் கேட்டார். மாமா முந்திக்கொண்டு, இத்தா முடிந்ததும் போய்விடுவார்கள் ஐயா என்று கைகட்டிச் சொன்னார்.

“இல்ல.” திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல். அந்நியர் காதில் விழும்படி அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. “இத்தா முடிஞ்சாலும் நாங்க இங்கதான் ஈப்போம். வாடகைக்கு ஈக்கிற ஆக்கள் நாங்க. வாடகை கட்டுவோம், திறப்பத் தர ஏலா.”

மாமா கண்ணை மூடிக்கொண்டார். ஆலைக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் அதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டேன். உத்தியோகத்தர் தலையாட்டினார். ஒரு தாளைக் கதவில் ஒட்டினார். தம்பட்டம் முழங்கியது. இந்த வீட்டுக்கு இனிச் சொந்தக்காரர் இவர், குடியிருப்பவர்கள் வாடகையை இவரிடமே கட்ட வேண்டும் என்று உத்தியோகத்தர் ஆலைக்காரரைக் காட்டி அறிவித்தார். அவ்வளவுதான். குடியிருப்பவர்கள் உள்ளே இருக்கும்போது சட்டப்படி வீட்டை ஒப்படைக்கும் முறையே அதுதானாம். ஊரெல்லாம் கூடிப் பார்த்தது, எனக்கோ ஆனந்தம் தாங்கவில்லை.

ஆலைக்காரர் கோபித்துக்கொண்டு வாடகையை வாங்க மறுத்தார். அப்படி மறுத்தால் நகரசபையில் கட்டலாம் என்று அக்கா சொல்லித் தந்தார். உம்மாவின் இத்தா முடியும்வரை நான் போய்க் கட்டினேன்.

இத்தா முடிந்த மறுநாள் உறவினர் வீடுகளுக்கு அழைத்துப்போக மாமா கார் பிடித்து வந்தார். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முதலில் நகரசபைக்கு விடச் சொன்னார். அந்த மாத வாடகையைத் தன் கையாலேயே கட்டினார். வெளியே வந்து காரில் ஏறியதும் மாமாவிடம் சொன்னார்:

“தம்பி, ஆலைக்காரருக்கு ஆள் அனுப்பு. குசினிக் கூரை ஒழுகுது, வந்து செஞ்சு தரச் செல்லு.”