பதினோராயிரம் பேர் வந்துபோன தீவு

படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். படகிலிருந்து இறங்கும் தலைகளை எண்ணி, மாதக் கடைசியில் ஒரு படிவத்தில் எழுதி அனுப்புவதும் அவர் வேலைதான். படிவத்தில் ‘வருகை’ என்று ஒரே ஒரு கட்டம். வெளியூர்க்காரர் எத்தனை, வீடு திரும்பும் உள்ளூர்க்காரர் எத்தனை என்று பிரித்து எழுத இடமில்லை. ஆரம்பத்தில் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தால்தானே! இறங்கிய எல்லோரையும் அதே கட்டத்தில் எழுதினார்.

இப்படித்தான் அந்தக் குட்டித் தீவுக்குப் போன வருஷம் பதினோராயிரம் பயணிகள் ‘வந்தார்கள்’. எண்ணிக்கையைப் பார்த்து வாயைப் பிளந்த சுற்றுலா இலாகா, ஆய்வு செய்ய ஓர் அதிகாரியம்மாவை அனுப்பிவைத்தது. தீவு தேறினால் தினசரிப் படகு தொடரும். தேறாவிட்டால் வாரத்துக்கு இரண்டே நாள்.

டிக்கெட்காரர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் மூன்று முறை அக்கரை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மூன்றாவது முறைக்கு நீந்தியா போவாள்? உண்மையைச் சொல்வதில்லை என்று முடிவுகட்டினார். மனைவியிடமும் மூச்சு விடவில்லை. எதிர்வீட்டுக் குழந்தை பாடினால்கூட, நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறவள் அவள்.

அதிகாரியம்மா மூன்று நாள் சுற்றினார். மணலைப் படம் பிடித்தார். பொதுக் கழிப்பறைகளை எண்ணினார். இருந்தது ஒன்று, அதற்கும் தாழ்ப்பாள் இல்லை.

“இவ்வளவு பேர் வர்றாங்க, ஒரு லாட்ஜ்கூட இல்லையே! எங்கதான் தங்கறாங்க?”

“சொந்தக்காரங்க வீட்லதான் மேடம்,” என்றார் டிக்கெட்காரர். அதில் பொய்யில்லை பாருங்கள்!

கடைசி நாள், அறிக்கையில் சேர்க்க ஒரு பயணியிடமாவது பேச வேண்டும் என்று அதிகாரியம்மா துறையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாலைப் படகு வந்தது. இறங்கியவர்கள் விறுவிறுவென்று நடையைக் கட்டினார்கள். கையில் பிளாஸ்திரியோடு மெதுவாக வந்த டிக்கெட்காரரின் மனைவிதான் மாட்டினாள்.

“இங்க அடிக்கடி வருவீங்களாம்மா?”

“வாரத்துக்கு மூணு தடவை.”

அதிகாரியம்மாவுக்கு ஒரே பூரிப்பு. “அப்படி என்ன இருக்கு இந்தத் தீவுல?”

“என் வீடு இருக்கு. வீட்டுக்காரரு இதோ நிக்கிறாரு.”

“அப்ப, இறங்கினவங்க எல்லாம்?”

“எல்லாரும் இந்த ஊர்தான். வெளியாளுன்னா போன வருஷம் ரெண்டு பேர் வந்தாங்க. அவங்களும் படகு மாறி ஏறிட்டவங்க.”

அதிகாரியம்மா நோட்டை மூடினார். “மன்னிச்சுக்குங்க சார், இதை என்னால மறைக்க முடியாது,” என்று சொல்லிவிட்டு அதே படகில் ஏறிப் போனார்.

வீட்டுக்குப் போகும் வழியில் டிக்கெட்காரர் எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினார். அவள் பாதையோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கிட்ட ஏங்க முன்னாடியே சொல்லல?”

“நீ பொய் சொல்ல மாட்டியேன்னுதான்...”

“எனக்குச் சாகப் பயமா இருக்குங்க,” என்றாள் அவள். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வாய் கூசாமச் சொல்லியிருப்பேனே!”