நடுவில் நின்ற சீனி

சீனி வேலைக்குச் சேர்ந்தது ஜாகாவாக, வாசல் காவலாளாகத்தான். ஈப்போ ஓரத்திலுள்ள அந்த இடைநிலைப்பள்ளியில் வருகிறவர் போகிறவரை விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இன்னொரு வேலையும் தலையில் விழுந்தது. தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோரை அலுவலகத்துக்கு அழைத்தால் பின்னாலேயே சீனிக்கும் அழைப்பு வரும். மேசைக்கு அந்தப்பக்கத்து மலாயைத் தமிழாக்க வேண்டும், இந்தப்பக்கத்துத் தமிழை மலாயாக்க வேண்டும். இதற்குச் சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. மரியாதை என்றால் சீனிக்கு உயிர்.

மேசைக்கு அந்தப்பக்கம் உட்காரும் துணை முதல்வர் கௌசிகாவும் தமிழர்தான். யாழ்ப்பாணத்து வழி, டாக்டர் வீட்டுப் பெண். வீட்டில் ஆங்கிலம், பள்ளியில் மலாய் என்று வளர்ந்தவர். தமிழ் சுத்தமாக வராது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள்.

சீனி பிறந்தது சித்தியவான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். ஒரு சூடான வார்த்தையால் வேலையும் வீடும் போன குடும்பங்களைச் சின்ன வயதிலேயே பார்த்தவர். அதனால் எந்தப் பேச்சையும் ஆறவைத்துத்தான் கொடுப்பார். "உன் மகன் உருப்படமாட்டான்" என்று மலாயில் வந்தால், "பையனக் கொஞ்சம் கவனிச்சுக்கணுமாம் லா" என்று தமிழில் இறங்கும். தாய் வயிறெரிந்து திட்டினால் அது மலாயில் மன்னிப்பாகப் போய்ச் சேரும். அந்த அறையில் சண்டை வந்ததே இல்லை என்று சீனிக்கு ரொம்பப் பெருமை. சண்டை வரவில்லை, உண்மைதான். நியாயமும் வரவில்லை. அதை யார் பார்த்தார்கள்?

அப்படித்தான் துளசியும் ஒருநாள் வந்து நின்றாள். கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. புருஷன் விட்டுப் போய்விட்டான். காலையில் வேலை நீண்டால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்தவள் தினேஸ்வரி வீட்டில் தங்கிவிடுவாள். ஐந்தாம் படிவம், பள்ளியிறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுத வேண்டிய வருடம். பள்ளிக்கு வராத நாள்கள் ஏறிக்கொண்டே போயின.

"இந்தப் பிள்ளையால் பள்ளியின் வருகைக் கணக்கே கெட்டுப்போகிறது. நாங்கள் நீக்குவதற்கு முன் தாயே நிறுத்திக்கொள்ளட்டும். வேண்டுமானால் ஏதாவது கைத்தொழில் பயிற்சி தேடிக்கொள்ளட்டும்" என்றார் கௌசிகா மலாயில்.

துளசியின் தூங்காத கண்களைப் பார்த்ததும் சீனிக்கு மனசு கேட்கவில்லை. "கைத்தொழில் பயிற்சி ஒன்னு இருக்காம் தங்கச்சி. பிள்ளைக்கு நல்லதுன்னு சொல்றாங்க" என்றார்.

பள்ளியே ஏதோ ஏற்பாடு செய்கிறது என்று நினைத்த துளசி சந்தோஷமாகத் தலையாட்டினாள். கும்பிட்டுவிட்டு வேறு போனாள். அந்தத் தலையாட்டல் பள்ளியில் சம்மதமாகப் பதிவானது.

அடுத்த வாரம் வேலை முடிந்த கையோடு, சீருடைகூட மாற்றாமல், மகளைக் கூட்டிக்கொண்டு சீனியிடம் வந்தாள். "என்னண்ணே இது? இவ பேரு வகுப்புல இல்லையாம். அம்மாவே நிப்பாட்டிட்டாங்கன்னு சொல்லி வெளிய அனுப்பிட்டாங்க. அப்ப பரீட்ச எங்க எழுதுறது?"

சீனிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பயிற்சின்னு ஒன்னும் ஏற்பாடு இல்ல தங்கச்சி. நிப்பாட்டத்தான் சொன்னாங்க. நாந்தான் நேரா சொல்லல."

"ஏன்?"

"உங்க மனசு நோகும்னு."

"நொந்தா நொந்துட்டுப் போவுது. எம்மவ படிப்பவிடவா எம் மனசு பெருசு? வாங்க, உள்ள போலாம்."

மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். மகளை நிறுத்தத் தான் சம்மதிக்கவே இல்லை, திரும்பச் சேர்க்க மறுத்தால் கல்வி இலாகாவுக்குப் போவேன் என்றாள் துளசி. சீனி முதன்முறையாக ஒரு சொல்லையும் ஆறவைக்கவில்லை. அப்படியே மலாயில் சொன்னார். தப்புத் தன்னுடையது, தான்தான் மாற்றிச் சொல்லிவிட்டதாகவும் சேர்த்துக்கொண்டார்.

கௌசிகாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. "நீர் மாத்திச் சொன்னது எனக்கு அண்டைக்கே விளங்கினது" என்றார். நல்ல யாழ்ப்பாணத்துத் தமிழ்.

சீனிக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. இத்தனை வருடமும் தன் பூச்சுவேலையெல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. வசதியாக இருந்ததால் விட்டு வைத்திருக்கிறார்.

"வெளங்கியும் பேசாம இருந்தீங்களா டீச்சர்?" என்றாள் துளசி. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அப்ப நடுவுல ஆளு எதுக்கு? நம்ம ரெண்டு பேருமே பேசிக்கலாம். அண்ணே, நீங்க போங்க."

சீனி வெளியே வந்தார். அந்த அறையில் ஒரு தமிழ்த் தாய் என்ன பேசுகிறாள் என்று அவருக்குத் தெரியாமல் போனது அன்றைக்குத்தான்.

வெகுநேரம் கழித்துத் துளசி வந்தாள். முகம் சிவந்திருந்தது. அழுதாளா, சண்டை போட்டாளா என்று சொல்லவில்லை.

"என்ன சொன்னாங்க தங்கச்சி?"

"நாளைக்கு எம்மவ ஸ்கூலுக்கு வருவா" என்றாள் துளசி. "நீங்க வாசல் கேட்டத் தொறந்துவிடுங்கண்ணே. அது போதும்."