திரையில் மட்டும் நன்றாக இருக்கும் அம்மா

நாளை மாதா கோயிலில், இறந்துபோன அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசை. வருகிறவர்களுக்குக் கொடுக்க, அம்மாவின் படம் போட்ட நினைவு அட்டை அடிக்கக் கொடுத்திருந்தேன். இன்று மாலை மண்டி மொஹல்லா தெருவில் உள்ள அச்சுக்கடையில் வாங்கிப் பார்த்தேன்.

கன்னம் முழுக்க உப்புத்தாளில் தேய்த்த மாதிரி கோடுகள். கண்களைச் சுற்றி வெள்ளை வளையம்.

"நான் அனுப்பின போட்டோ இப்படி இல்லையே" என்றேன்.

"அது மங்கலா இருந்துச்சு மேடம். நான்தான் ஷார்ப் பண்ணினேன். ஸ்க்ரீன்ல பாருங்க, எவ்வளவு நல்லா இருக்குது" என்றார் கடைக்காரர்.

பார்த்தேன். அங்கே படம் நன்றாகத்தான் தெரிந்தது; ஆனால் அந்த மென்பொருளின் மெனு எழுத்துகளே மங்கலாக இருந்தன. திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் டிஸ்ப்ளே ஸ்கேலிங்கை நூற்றைம்பது சதவீதத்தில் வைத்திருக்கிறார். பழைய மென்பொருள் அதில் எல்லாவற்றையும் இழுத்துக் கலங்கலாகக் காட்டும். எங்கள் அலுவலகத்திலும் இதே தொல்லைதான். திரையின் கோளாறுக்கு அம்மாவின் முகத்தில் வைத்தியம் பார்த்திருக்கிறார்.

நூறுக்கு மாற்றச் சொன்னேன். நான் அனுப்பிய படம் பளிச்சென்று தெரிந்தது. அவர் திருத்திய படம் திரையிலேயே கோரமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"எழுத்து ரொம்பச் சின்னதாயிடுது மேடம், கண்ணு வலிக்குது" என்று மறுபடி நூற்றைம்பதுக்கே ஏற்றினார். பிறகு திரையை என் பக்கம் திருப்பி, "இப்ப பாருங்க, சரியாயிடுச்சு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில்.

நாளை கோயில் வாசலில் அட்டையைக் கொடுப்பதா, அந்த மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பதா? நீங்களே சொல்லுங்கள்.